பெயர் எழுதாத சீட்டு

தம்பி!

“துணி பார்க்க வேண்டுமானால் துணிக்கடைக்குப் போவார்கள், அருங்காட்சியகத்திற்குப் போய்த் துணி பார்ப்பாரும் உண்டோ?” என்று கேட்டார் ஒரு புலவர் பெருந்தகை. அவருக்கு அருங்காட்சியகம் என்றால் கல்வெட்டு, செப்பேடு, கை உடைந்த சிலை, துருவேறிய வாள்! “தோல் சுருங்கிய தொழிலாளியின் துயரைப் பேசவேண்டிய நீ, சீமாட்டிகளின் சிங்காரத்தைப் பற்றிப் பேசலாமா?” என்று கேட்டார் நம் தோழர் ஒருவர். இருவருக்கும் விடை கூறவே இந்த ஞாயிறு மடல். புலவருக்கு நான் கூறவேண்டுவது கொஞ்சம், தோழருக்குத்தான் நிறைய. ஏனெனில், அவருடைய கேள்வியிலேதான் நியாயம் இருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு நம் சென்னை மக்கள் சூட்டிய பெயர் உனக்குத் தெரியும் — செத்த காலேஜ்! உயிருள்ள விலங்குகளைக் கூண்டிலிட்டு வைத்திருந்த இடம் உயிர்க் காலேஜ். உயிரற்றவை கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் இடம் செத்த காலேஜ். ஏளனமாகச் சொன்னார்கள் என்று எண்ணுவாருண்டு. நான் அப்படி எண்ணவில்லை. படிப்பு வாசனையே அறியாத கூலிக்காரன் கூட, அதையும் ஒரு ‘காலேஜ்’ என்று அழைத்தானே, அந்தச் சொல்லிலே எத்துணை மதிப்பு இருக்கிறது! காலேஜைப் பாதியிலே விட்டுவிட்டு வந்தவன் நான். ஊர் ஊராக மேடையேறும்போதெல்லாம், அங்கே ஓர் அருங்காட்சியகம் இருந்தால் நுழைந்து பார்ப்பது என் வழக்கம். அங்கே பேச்சு நடந்தால் கடைசி வரிசையிலே உட்கார்ந்து கேட்பதும் வழக்கம். செத்த காலேஜ்கள் எனக்குப் பாடம் சொல்லித் தந்திருக்கின்றன.

எழும்பூர்க் காட்சிச்சாலை பிறந்தது 1851-ல். அதே 1851-ல்தான் இலண்டன் மாநகரிலே, ஹைடு பூங்காவில், கண்ணாடி மாளிகை ஒன்றெழுப்பி, மாபெரும் பொருட்காட்சி நடத்தினார்கள். அறுபது இலட்சம் பேருக்கு மேல் கண்டுகளித்தனர். அதிலிருந்து கிளைத்தது 1852-ல் தொடங்கிய தொழிற்பொருள் காட்சிச்சாலை. 1857-ல் தெற்குக் கென்சிங்டனுக்குக் குடிபெயர்ந்து, 1899-ல் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்ற பெயர் பெற்றது. அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோல், பகலெல்லாம் பாடுபடுபவன் பகலிலே எப்படி வருவான் என்று எண்ணிப் பார்த்தவர். எரிவாயு விளக்கேற்றி இரவிலும் கதவைத் திறந்து வைத்தார். பசித்தோருக்குச் சிற்றுண்டிச்சாலையும் அமைத்தார். பட்டறையிலே பணியாற்றுபவன், நல்ல வேலைப்பாட்டை நாள்தோறும் கண்டால் தானும் நல்ல வேலை செய்வான் — இதுதான் கணக்கு. ஆக, புலவரே, கேளும்! அந்தக் காட்சிச்சாலை பிறந்ததே துணிக்கும் நாற்காலிக்கும் தட்டுமுட்டுக்கும்தான். துணி அங்கே வந்தேறியல்ல, வீட்டுக்காரி!

ஆயினும், நவநாகரிக உடை — பேஷன் என்கிறார்களே, அது — நெடுங்காலம் அங்கே திண்ணையிலேதான் இருந்தது. 1971-ல் புகைப்படக் கலைஞர் செசில் பீட்டன், தமக்குத் தெரிந்த சீமாட்டிகளிடமெல்லாம் கேட்டுப் பெற்ற உடைகளைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தினார். அதன்பின் திண்ணையிலிருந்தது கூடத்திற்கு வந்தது. இன்றோ, கூட்டம் கூட்டுவதே அதுதான்! 2015-ல் அலெக்சாண்டர் மெக்குவீன் உருவாக்கிய உடைகளின் கண்காட்சி. வந்தோர் 4,93,043 பேர். நெரிசல் தாங்காமல் இறுதி நாட்களில் இரவு முழுவதும் கதவைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. 2019-ல் பிரெஞ்சு நாட்டு டியோர் நிறுவனத்தாரின் உடைகள். வந்தோர் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர்.

மெக்குவீன் யார்? கோமகனா? கோடீசுவரன் வீட்டுப் பிள்ளையா? இலண்டன் வாடகைக்கார் ஓட்டியின் மகன், தம்பி! பதினாறு வயதிலே பள்ளியை விட்டான். சவில் ரோ என்ற தையற்காரர் தெருவிலே கத்தரி பிடிக்கக் கற்றான். நாற்பது வயதில், 2010-ல் மாண்டான். தன் முன்னோர் ஸ்காட்லாந்து நாட்டவர் என்பதை அவன் மறக்கவில்லை. 1746-ல் கல்லோடன் களத்திலே ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படை வீழ்ந்தது. வென்றவர்கள் வாளைப் பிடுங்கியதோடு நின்றார்களா? இல்லை. மலைநாட்டு ஆடவர் தம் மரபுடையை அணியக் கூடாதென்று சட்டம் போட்டார்கள்! ஒரு முறை மீறினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடு கடத்தல். 1782 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஒரு முழத் துணியிலே ஓர் இனத்தின் மானம் இருக்கிறது என்பதை, அதை அணிந்தவனைக் காட்டிலும் தடுத்தவன் நன்றாக அறிந்திருந்தான்! அந்தக் கட்டம்போட்ட துணியை எடுத்து, ‘கல்லோடனின் கைம்பெண்கள்’ என்று பெயரிட்டு, 2006-ல் பாரிசு நகர மேடையிலே ஏற்றினான் அந்தக் கார் ஓட்டியின் மகன். இதைச் சிங்காரம் என்று தள்ளிவிடலாமா? மேடையிலே நாங்கள் மூன்று மணி நேரம் முழங்கிச் சொல்வதை, அவன் முந்தானையிலே சொல்லிவிட்டான்!

பொருளை மட்டும் கண்டால் இவ்வளவும் விளங்காது, பேச்சையும் கேட்கவேண்டும். கண்காட்சியோடு சேர்த்து நடத்தப்படும் சொற்பொழிவுகளைத்தான் சொல்கிறேன். காப்பாட்சியர் ஒருவர் வருவார். சில நாட்களில் தையற்கலைஞர் வருவார். பழுது பார்ப்பவர் வருவார். நமது மேடைபோல ‘அவர்களே, இவர்களே’ என்று அரைமணி நேரம் அழைத்துக்கொண்டிரார். நேரே செய்திக்கு வந்துவிடுவார். நாடகக்காரனாகிய எனக்கு அவர்களிடம் கேட்டவற்றுள் வியப்பாக இருந்தது எது தெரியுமா? நாங்கள் ராஜபார்ட் உடையை நடிகனுக்கேற்ப இழுத்துத் தைப்போம், பிரிப்போம், ஊசி குத்துவோம். அங்கே நேர்மாறு. உடையை ஒரு நூலளவும் மாற்றமாட்டார்கள்; பொம்மை உருவத்தைத்தான் செதுக்கியும் பஞ்சு வைத்தும் உடைக்கேற்ற உடலாக்குவார்கள். ஐம்பது லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படவிடமாட்டார்கள். மாலை மங்கியதும் நம் வீட்டு நடையிலே இருக்குமே, அவ்வளவு ஒளி. சில திங்கள் காட்டிவிட்டு, ஆண்டுக்கணக்கில் இருட்டறையிலே ஓய்வு கொடுப்பார்கள். ஒளி பட்டுப் பட்டே பட்டு நொறுங்குமாம்! 1962-ல் மர்லின் மன்றோ அணிந்த உடையை 2022-ல் பிரபலம் ஒருவர் நியூயார்க் விழாவுக்கு உடுத்திச் சென்றபோது, உலகெங்குமுள்ள அருங்காட்சியகத்தார் ஏன் பதறினர் என்பது, இந்தப் பேச்சுகளைக் கேட்டவனுக்குத்தான் புரியும்.

இப்போது தோழரிடம் வருகிறேன்.

“இதெல்லாம் கம்பெனிக்காரனின் விளம்பரமய்யா! காட்சிச்சாலைக்குப் பதில் கடைச்சாலை என்று பலகை மாட்டட்டும்” என்கிறார். தோழர் சொல்வதிலே பாதி உண்மை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தார் 1983-ல், உயிரோடிருந்த ஓர் உடைக் கலைஞருக்கு — இவ் சான் லோரானுக்கு — கண்காட்சி நடத்தியபோதே இந்தக் கேள்வி கிளம்பிற்று. 2000-ல் குகன்ஹைம் அருங்காட்சியகம் அர்மானியின் உடைகளைக் காட்டியபோது, அவர் தந்த நன்கொடைக்குக் கைம்மாறா இது என்று பத்திரிகைகள் பிளந்து கட்டின. அதே மெட்ரோபாலிடனில் ஆண்டுதோறும் மே திங்களில் ஒரு விருந்து. 2024-ல் ஓர் இருக்கைக்கு 75,000 டாலர்! நம் ஊர்க் கணக்கில் அறுபது இலட்ச ரூபாய்க்கு மேல். ஒரு வேளைச் சோற்றுக்கு! அந்த விருந்தைப் பற்றிய இன்னொரு செய்தியையும் தோழர் காதிலே போடுகிறேன், மகிழ்வார். விருந்துக்குத் துணை நிற்கும் ‘வோக்’ ஏட்டை வெளியிடும் நிறுவனத்தில் பணியாற்றும் எழுத்தர்கள், தங்கள் ஊதிய ஒப்பந்தம் முடியாவிட்டால் விருந்து வாயிலிலே மறியல் செய்வோம் என்று அறிவித்தார்கள். விருந்து நாள் 2024 மே 6. அன்றே உடன்பாடு கண்டுவிட்டது நிர்வாகம்!

ஆக, விளம்பரம் இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது. இலண்டனிலே 2001 முதல் பொது நுழைவு இலவசம். ஆனால், இந்தப் பேஷன் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிச்சீட்டு வாங்கவேண்டும். ஹென்றி கோல் ஏற்றிவைத்த எரிவாயு விளக்கு யாருக்காக என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அதற்காக ‘போகாதே’ என்று சொல்லலாமா? சந்தைக்காரன் இருக்கிறான் என்பதற்காகத் திருவிழாவையே புறக்கணிப்பாரில்லை. உள்ளே போ, உற்றுப் பார், பேச்சு முடிந்ததும் கைதூக்கிக் கேள்!

டியோர் கண்காட்சியிலே ஒரு கூடம் முழுவதும் வெள்ளைத் துணியாலான மாதிரி உடைகள். பட்டை வெட்டுமுன் மலிவுத் துணியிலே வெட்டிப் பார்ப்பார்கள், அந்த வெள்ளோட்டங்கள். வண்ணமில்லை, சரிகையில்லை, தையல்காரியின் கைவேலை மட்டும் அப்படியே தெரிகிறது. பாரிசுத் தையலகங்களில் அந்தப் பெண்களுக்குச் ‘சிறு கைகள்’ என்று பெயர். நான் கேட்ட பேச்சொன்றிலே, நரைத்த தலையுடைய ஓர் அம்மையார் எழுந்து, “இதைத் தைத்தவர் யார்?” என்று கேட்டார். பேசியவர் சற்றுத் தயங்கி, “தையலகத்தார்” என்றார். “தையலகத்தில் யார்?” என்றார் அம்மையார். அரங்கிலே சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சிறு கைகள் 1917 மே திங்களில் என்ன செய்தன தெரியுமா? உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பாரிசு நகரத் தையற் பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வீதிக்கு வந்தார்கள். சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு வேண்டும், கூலி குறையக் கூடாது! ஒரு திங்கள் கழியுமுன் சட்டமே இயற்றிக் கொடுத்தது அரசு. 1936-ல் கோகோ ஷானெலின் தையலகத்திலேயே வேலைநிறுத்தம். அம்மையாரையே உள்ளே விடவில்லை தொழிலாளர்! ஷானெல் பற்றி இலண்டனில் 2023-ல் தொடங்கிய கண்காட்சியிலே, போர்க்காலத்தில் அவருக்கு நாஜிகளோடு இருந்த தொடர்பைக் காட்டும் ஆவணத்தையும் வைத்திருந்தார்கள். எதிர்ப்பியக்கப் பட்டியலில் அவர் பெயர் இருப்பதைக் காட்டும் தாளையும் வைத்திருந்தார்கள். விளம்பரமென்றால் இதை மறைத்திருப்பான். இந்த அளவுக்கு நேர்மை இருக்கிறது என்பதாலேதான், இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்ற துணிவு எனக்கு வருகிறது.

கேள், தம்பி. அதே அருங்காட்சியகத்தில் ஒரு கால்சட்டை இருக்கிறது. இரண்டு கால், பக்கத்துக்கொரு பை. கடையிலே மலிவு விலைக்குக் கிடைத்த சரக்கு. விற்றவர் பிரைமார்க் நிறுவனத்தார். அதை ஏன் வைத்தார்கள்? 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்து டாக்கா அருகே ரானா பிளாசா என்ற எட்டடுக்குக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். முதல்நாளே சுவரிலே வெடிப்பு கண்டார்கள். கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. தையற் பெண்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். 1,134 உயிர்! அந்தக் கட்டடத்திலிருந்த ஆலைகளில் ஒன்று பிரைமார்க்குக்கும் சரக்குத் தைத்தது. நாட்டு நடப்பை உடனுக்குடன் சேகரிப்பதென்று ஒரு திட்டம் வகுத்த அருங்காட்சியகத்தார், 2014-ல் அந்நிறுவனத்தின் கால்சட்டை ஒன்றை வாங்கி வைத்தார்கள். மெக்குவீனின் இறகு உடையும் டியோரின் பொன்னிழைப் பாவாடையும் இருக்கும் அதே கூரையின் கீழே!

தோழரே, சீமாட்டியின் சிங்காரம் என்றீரே! இந்தக் கால்சட்டையின் முன்னே நின்றவன், அன்று மாலை தன் சட்டைக் காலரைத் திருப்பி, எந்த நாட்டில் தைத்தது என்று பார்க்காமல் இருப்பானா?

ஒரு கட்டிலைப் பற்றியும் சொல்லவேண்டும். கட்டிலுக்கும் பேஷனுக்கும் என்ன உறவு என்கிறாயா? திரைச்சீலைதான் உறவு. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் நாடக உலகின் முடிசூடா மன்னர் டேவிட் கேரிக். நடிகர், நாடகாசிரியர், அரங்க உரிமையாளர். கல்கத்தாவிலே ஆங்கிலேயர் தொடங்கிய நாடக அரங்குக்கு அவர் உதவி செய்தார். நன்றிக் கடனாக அங்கிருந்த வணிகர்கள் அவர் மனைவிக்குத் துணி அனுப்பினார்கள். எந்தத் துணி? சோழமண்டலக் கடற்கரையிலே, கையாலே எழுதி, வேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றிய பூந்துணி! சிப்பெண்டேல் பட்டறையிலே கட்டில் செய்து, அந்தத் துணியைத் திரையாக மாட்டினார்கள். 1775-ல் சுங்க அதிகாரிகள் வந்து திரையைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். ஏனெனில், இந்திய அச்சுத் துணி இங்கிலாந்துக்குள் வரக்கூடாதென்பது சட்டம்!

அந்தச் சட்டம் எழுந்த கதை கொடிது. 1719-ல் இலண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள், பிழைப்பு போயிற்றே என்ற ஆத்திரத்தில், நம் கரையின் பூந்துணி உடுத்திய பெண்களை வீதியிலே துரத்தினார்கள், உடையைக் கிழித்தார்கள், மையையும் அமிலத்தையும் வீசினார்கள். 1721-ல் பாராளுமன்றம் பூந்துணிக்குத் தடை விதித்தது. அந்த நெசவாளர்களை வையமாட்டேன். பட்டினி அவர்களைப் பேயாக்கிற்று. அங்கே பசித்த நெசவாளி. இங்கே பசித்த நெசவாளி. நடுவிலே கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் விற்ற கும்பினிக்காரன் மட்டும் கொழுத்தான்!

தடை போட்ட நாடு, பின்பு தானே நூற்று, தானே அச்சிட்டு, நமக்கே விற்க வந்தது. 1866-ல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், 700 இந்தியத் துணி மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகள் கொண்ட நூலாக்கினார். இருபது படிகள். பதின்மூன்று இங்கிலாந்துக்கு, ஏழு இந்தியாவுக்கு. சேலை எத்தனை முழம், தலைப்பாகை எப்படிச் சுற்றுவது, கரை எங்கே வரவேண்டும் — அத்தனையும் அதிலே உண்டு. ஆலைக்காரன் அறிந்துகொள்ள வேண்டுமல்லவா! துணிக் கண்காட்சி என்பது வெறும் வேடிக்கை என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். அவனுக்கு அது வேடிக்கையாக இல்லை. வாணிபப் பாடநூலாக இருந்தது.

கேரிக்கின் கட்டில் இன்று அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படுத்தவர் பெயர் தெரியும். கட்டில் செய்த பட்டறையின் பெயர் தெரியும். கடற்கரையிலே குனிந்து உட்கார்ந்து, மூங்கில் எழுதுகோலால் இலையும் பூவும் எழுதியவர் பெயர்? தெரியாது. எழுதி வைத்தாரில்லை. நாடகக்காரன் ஒருவனுடைய கட்டிலைக் காண ஆவலோடு போன என்னை, அந்தப் பெயரில்லாதவர்தான் நெடுநேரம் நிறுத்தி வைத்தார்.

பழங்காலத்துப் பெயர் கிடைக்கவில்லை என்றால் யாரையும் குறைகூற இயலாது. ஆனால், நேற்றுத் தைத்தவர் பெயர்? 2015 அக்டோபரில் அங்கே ‘இந்தியத் துணி’ என்றொரு கண்காட்சி தொடங்கிற்று. இருநூறுக்கு மேற்பட்ட பொருள்கள். திப்பு சுல்தானின் கூடாரமே வந்திருந்தது. சென்னையில் ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவின் குடும்பத்தார் வழியாக வேல்சு நாட்டுக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்த கூடாரம்! சாயம் ஏற்றுவதெப்படி, தறி இயங்குவதெப்படி என்று செய்முறையையும் விளக்கினார்கள். நல்ல முறை. அதைப் போலவே, 2018-ல் மேரி குவாண்ட் கண்காட்சிக்காகப் பொதுமக்களிடம், “உங்கள் பெட்டியிலே அவர் உருவாக்கிய உடை இருந்தால் சொல்லுங்கள்” என்று வேண்டுகோள் விடுத்தார்கள். பீட்டன் சீமாட்டிகளிடம் கேட்டார். இவர்கள் ஆசிரியைகளிடமும் அலுவலகப் பெண்களிடமும் கேட்டார்கள்! முதற் சம்பளத்தில் வாங்கியது, அம்மா தைத்துக் கொடுத்தது என்று கதையும் படமும் உடையோடு வந்தன.

2022-ல் ஆப்பிரிக்க உடைக் கண்காட்சி. நூற்றெழுபது ஆண்டு வரலாற்றில் ஆப்பிரிக்க உடைக் கலைக்கென அங்கே அப்போதுதான் முதன்முதலாகக் கதவு திறந்தது! 1957 மார்ச் 6 நள்ளிரவிலே, கானா நாடு விடுதலை பெற்றதென்று நக்ரூமா முழங்கியபோது, வெள்ளையன் தைத்த கோட்டு அணிந்திரவில்லை. தம் நாட்டு வடபுலத்து உழவர் உடுத்தும் கைத்தறி அங்கி அணிந்திருந்தார். 1960 ஒரே ஆண்டில் பதினேழு நாடுகள் விடுதலை பெற்றன. நாட்டுக்கு நாடு உடையும் எழுந்தது. செவிலியர் கல்வி கற்க 1953-ல் இலண்டன் வந்து, உடைக்கலை கற்றுத் திரும்பி, நைசீரியாவிலே கடை வைத்த ஷாடே தாமஸ்ஃபாம் அம்மையாரின் உடைகள் அந்தக் கண்காட்சியிலே இடம்பெற்றன. இதற்கும் குடும்பப் படங்களைத் தாருங்கள் என்று மக்களிடமே கேட்டார்கள்.

அணிந்தவரைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, தைத்தவரைக் கேட்கத் தெரியாதா? ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டுகிறார்கள். உருவாக்கியவர், ஆண்டு, துணி வகை, கொடை அளித்தவர். இன்னும் ஒரே ஒரு வரி! வெட்டியவர் இன்னார், தைத்தவர் இன்னார், பூவேலை செய்தவர் இந்த ஊரார். பெரிய நிறுவனங்களில் பதிவேடு இருக்கும்; கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ‘பெயரைக் குறித்து வைத்தாரில்லை’ என்று அதையே அச்சிடட்டும். அதுவும் ஒரு வரலாறுதான். காசு செலவாகாது, கண்ணாடிப் பேழையை மாற்ற வேண்டியதில்லை, கம்பெனிக்காரன் முகம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவே.

2025 மே 31-ல் கிழக்கு இலண்டனிலே, பாட்டாளிகள் மிகுந்த பகுதியிலே, அந்த அருங்காட்சியகத்தார் தங்கள் சேமிப்புக் கிடங்கையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டரை இலட்சம் பொருள்கள். இரண்டு வாரம் முன்னதாக எழுதிக் கேட்டால், ஐந்து பொருள் வரை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டுவார்கள். கட்டணமில்லை, நீ யார், எந்தப் பட்டம் பெற்றாய் என்று கேட்பாரில்லை. மக்கள் விரும்பிக் கேட்டதிலே முன்னணியில் நின்றது 1954-ல் பலென்சியாகா உருவாக்கிய இளஞ்சிவப்புப் பட்டு மாலையுடை.

நம் பிள்ளைகள் பலர் இன்று இலண்டனில் படிக்கிறார்கள், பணியாற்றுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லி அனுப்பு, தம்பி. பலென்சியாகாவைக் கேட்கட்டும், தவறில்லை. கூடவே சோழமண்டலத்துப் பூந்துணி ஒன்றையும் எழுதிக் கேட்டு, மேசைமேல் விரித்ததும், பக்கத்திலுள்ள சீட்டிலே என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று பார்த்து எழுதட்டும்.

அன்புள்ள
அண்ணன்